ஐந்து ஓட்டையை நம்பாதே

முடிச்சூர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இலக்குத் தாளின் படம் கிடைத்தது. ஐந்து பெல்லட்டும் ஒரே ஓட்டையாகக் கிழித்திருக்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. "இந்தத் தயாரிப்பு லாட்டிலேயே பத்து டப்பா வாங்கிவிடட்டுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. அப்பா கொடுக்கும் பணத்தை அந்த ஒரு தாளை நம்பிச் செலவழிக்காதே. காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன், நீ கேட்ட இன்னொரு கேள்வி. வெளிநாட்டில் சிலர் குண்டுக்குக் காகிதம் சுற்றி, குழலின் வாய் வழியாகப் போட்டுச் சுடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டிருந்தாய். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நாம் இன்று ஏர் ரைஃபிளில் செய்யும் பெல்லட் சோதனைக்கு முன்னோடி அந்தக் காகிதக் குண்டுக்காரர்கள்.

வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி நமக்குப் புதிதல்ல. நரிக்குறவர்களிடமும் மலையடிவார விவசாயிகளிடமும் உரிமத்தோடு இருக்கும் நாட்டுத் துப்பாக்கி அந்த வகைதான். (உரிமம் இல்லாமல் அதை ஆசைக்குக்கூடக் கையில் எடுக்காதே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறது.) ஆனால் அதன் குழல் உள்ளே வழவழப்பானது, பால்ரஸ் போட்டுக் கிட்டத்தில் சுடுவதற்கானது. காகிதம் சுற்றிய குண்டுக்கு, உள்ளே சுருளாக வரிப்பள்ளம் வெட்டிய குழல் வேண்டும்.

அதன் வேலை நுட்பமானது. ஈயக் குண்டைக் குழலின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிதாக வார்க்கிறார்கள். மெல்லிய, உறுதியான காகிதத்தின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, ஈரமாக்கி, குண்டைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது, நடுவில் இடைவெளி விழவும் கூடாது. மீந்த வாலை அடியில் மடித்துவிட்டால், காய்ந்து சுருங்கிக் குண்டோடு ஒட்டிக்கொள்ளும். மருந்து பற்றியதும் ஈயம் அடியில் உப்பி, காகிதத்தோடு சேர்ந்து வரிப்பள்ளத்தில் பதிகிறது. குழல் வாயைத் தாண்டிய கணம் காகிதம் குண்டை விட்டு உதிர வேண்டும். அதனால் அனுபவம் உள்ளவர் இலக்குத் தாளைப் பார்க்கப் போவதற்கு முன்பே, குழலுக்கு முன்னால் தரையில் குனிந்து காகிதத் துணுக்குகளைப் பொறுக்குவார். வரிப்பள்ளத்தின் அச்சில் சீராகக் கிழிந்து கிடந்தால் நல்லது. கருகி ஓட்டை விழுந்திருந்தால் வெடிவாயு பக்கவாட்டில் கசிந்திருக்கிறது. துணுக்கே கிடைக்காவிட்டால் காகிதம் குண்டோடு போயிருக்கலாம். அந்தக் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இலக்கில் விழுந்த ஓட்டை என்ன நடந்தது என்று மட்டும் சொல்லும். ஏன் நடந்தது என்று தெரிய வேண்டுமானால் இப்படிக் குனிந்து தேடத்தான் வேண்டும்.

நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் 1857 என்ஃபீல்டு தோட்டாவும் இதே குடும்பம்தான். கொழுப்புத் தடவிய காகிதத்தைப் பல்லால் கடிப்பதா என்று சிப்பாய்கள் மறுத்த கதை உனக்குத் தெரியும். மீரட்டில் ஏப்ரல் 24 அன்று குதிரைப்படை வீரர் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடும். துப்பாக்கிக்காரனுக்கு அதில் இன்னொரு பாடமும் உண்டு. இங்கிலாந்தின் குளிரில் சோதித்துத் தேறிய தோட்டா இந்திய வெயிலில் திணறியது. கொழுப்பு உருகிக் காகிதம் வறண்டது. குழலில் கரி படியப் படியக் குண்டு உள்ளே இறங்க மறுத்தது. பின்னர் குண்டின் விட்டத்தை 0.568 அங்குலத்திலிருந்து 0.550 ஆகக் குறைத்தார்கள். தடவும் கலவையில் தேன்மெழுகின் பங்கைக் கூட்டினார்கள். உனக்கும் அதே கதைதான். ஜெர்மனியில் ஏசி அறையில் சுட்ட சோதனைத் தாள் உன் துப்பாக்கிப் பெட்டியில் இருக்கிறதே, அதை மதி. ஆனால் மே மாதம், தகரக் கூரை, மின்விசிறி மட்டும் ஓடும் ரேஞ்சில் நீ சுடப்போகும் பெல்லட்டுக்கு அது சாட்சி சொல்லாது.

அதே காலத்தில் மான்செஸ்டரில் ஜோசப் விட்வொர்த் என்று ஓர் இயந்திரப் பொறியாளர் இருந்தார். துப்பாக்கி செய்வது அவர் தொழில் அல்ல. என்ஃபீல்டை மேம்படுத்தித் தரும்படி அரசு கேட்டபோது, குண்டு ஏன் விலகுகிறது என்பதே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்று கண்டார். காற்று குறுக்கிடாதபடி 500 கஜ நீளத்துக்கு மூடிய கூடம் ஒன்றைத் தன் வீட்டு நிலத்தில் கட்டினார். வழிநெடுக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, குண்டு ஒவ்வொன்றையும் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் துளைத்துப் போகிறது என்று பார்த்தார். முதல் கூடம் புயலில் விழுந்தது, மறுபடி கட்டினார். அதன் பலனாக வந்ததுதான் 0.451 அங்குலக் குழல். உள்ளே அறுகோண வடிவம், 20 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. என்ஃபீல்டுக்கு அந்த ஒரு சுற்றுக்கு 78 அங்குலம் வேண்டும். 1857-இல் ஹைத் ராணுவப் பள்ளியில் இரண்டையும் தாங்கியில் பூட்டிச் சுட்டார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்தினுடையது 0.37 அடி.

அந்தச் 'சராசரி விலகல்' என்பதைக் கவனி. ஆகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அவர்கள் அளக்கவில்லை. எல்லாக் குண்டுகளின் நடுப்புள்ளியைக் கண்டு, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, கூட்டி வகுத்தார்கள். நீ செய்வது முதல் வகை. பத்துக் குண்டு சுட்டு இரண்டை மட்டும் அளந்தால், மற்ற எட்டுக் குண்டு சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டதாகத்தான் அர்த்தம்.

இப்போது உன் ஐந்து ஓட்டைக்கு வருகிறேன். ஒரே துப்பாக்கி, ஒரே டப்பா, எதையும் மாற்றாமல் ஐந்து ஐந்தாகப் பத்துத் தாள் சுட்டுப் பார். ஆகப் பெரிய குரூப், அதாவது ஓட்டைகளின் பரவல், ஆகச் சிறியதைப்போல இரண்டு மடங்கு வருவது சர்வசாதாரணம். எதுவும் மாறவில்லை, தற்செயல்தான். அந்தப் பத்தில் சிறியதை மட்டும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது மனித இயல்பு. துப்பாக்கிக்காரனின் முதல் எதிரி அந்த இயல்புதான். இன்னொன்று: ஐந்து குண்டுக் குரூப்பைப் பத்துக் குண்டுக் குரூப்போடு ஒப்பிடாதே. குண்டு கூடக் கூடக் குரூப் தானாகவே விரியும். ஐந்திலிருந்து பத்துக்குப் போனாலே சுமார் கால் பங்கு பெருகும். நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு லாட்டுக்கும் குறைந்தது 30 பெல்லட், பத்துப் பத்தாக மூன்று தாளில் சுடு.

துப்பாக்கியைப் பிடித்து நிறுத்தும் வைஸ் இல்லாமல் இது முடியாது. கையில் பிடித்துச் சுட்டால் நீ பெல்லட்டைச் சோதிக்கவில்லை, உன் மூச்சைச் சோதிக்கிறாய். உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டு, பெஞ்சில் அசையாமல் பூட்டிய வைஸ் உள்ள இடத்துக்குப் போ. குழலை இறுக்காதே, துப்பாக்கியின் உடற்பகுதியைப் பிடித்து இறுக்கு. ஒவ்வொரு முறை பெல்லட் போடும்போதும் வைஸ் நகராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். லாட் மாற்றியதும் முதல் சில பெல்லட்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளு.

வரிசையும் முக்கியம். முதல் டப்பா முழுதும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று போனால், கடைசி டப்பாவுக்கு அழுக்கேறிய குழலும் இறங்கிய சிலிண்டர் அழுத்தமும்தான் மிச்சம். அ, ஆ, இ என்று சுட்டுவிட்டு, அடுத்த சுற்றில் இ, ஆ, அ என்று திரும்பி வா. முடிந்தால் டப்பாவின் பெயரை மறைத்துவிட்டு ஒரு நண்பனை எடுத்துத் தரச் சொல். விலை கூடின டப்பா நன்றாகச் சுடும் என்று நம் மனம் முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்கும். அளக்கும்போது கை அந்தப் பக்கம் சாயும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பெல்லட்டின் தலை 4.49 மில்லிமீட்டரா, 4.50 மில்லிமீட்டரா என்று அளவைச் சோதிக்கும் நாளில் நிறுவனத்தையும் மாற்றாதே. தள்ளி விழுந்த ஒரு குண்டை 'அது என் தப்பு' என்று கணக்கிலிருந்து நீக்கவும் நீக்காதே. வைஸில் உன் தப்பு என்று எதுவும் இல்லை. அந்த ஒரு பெல்லட்டை எடுத்த டப்பாவைக் கொட்டி, வெளிச்சத்தில் பின்பக்கப் பாவாடை விளிம்பு நசுங்கியவை எத்தனை என்று பார். காகிதத் துணுக்கைப் பொறுக்கும் வேலை நமக்கு இதுதான்.

இவ்வளவும் எதற்கு என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் 10 மீட்டர் தாளில் 10-இன் புள்ளி அரை மில்லிமீட்டர், 0.1 புள்ளிக்கு விலகல் கால் மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்து 10-ஆம் இடம். அதே சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து 5-ஆம் இடம், இறுதிச் சுற்றுக்குள். வித்தியாசம் 0.8. அறுபது குண்டுகளிலும் சேர்த்து மொத்தம் சுமார் 2 மில்லிமீட்டர். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று என்ற ஆட்டத்தில், ஒரு மோசமான லாட் அதைத் தின்றுவிடும்.

ஆனால் நீ அங்கே இல்லை, இன்னும் இல்லை. உன்னை வருத்தப்படுத்த இதைச் சொல்லவில்லை. பணத்தையும் நேரத்தையும் எங்கே போடுவது என்று தெரியத்தான் சொல்கிறேன். உன் கையின் விலகலும் பெல்லட்டின் விலகலும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகின்றன; பெரியது சிறியதை விழுங்கிவிடும். உன் கை சராசரி 2 மில்லிமீட்டர் விலகினால், 0.6 விலகும் பெல்லட்டை விட்டு 0.4 விலகும் பெல்லட்டுக்கு மாறுவதால் 60 குண்டில் கிடைப்பது ஒரு புள்ளிக்குச் சற்று மேல். அதே பணத்தில் ஒரு மாதம் கூடுதலாக ரேஞ்சுக்குப் போனால் அதைவிட அதிகம் எடுப்பாய். கை 1 மில்லிமீட்டருக்கு வந்த பிறகு அதே மாற்றம் சுமார் 2 புள்ளி தரும். அப்போது அது தகுதிக்கும் வீட்டுக்குத் திரும்புவதற்கும் உள்ள தூரம். ஆகவே இப்போதைக்கு மூன்று லாட், ஒரே நாள், ஒழுங்கான சோதனை. தேறியதில் நான்கு டப்பா போதும்.

சோதனையால் பிடிக்க முடியாததும் உண்டு. 1874-இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்துக்காரர்கள் வாய்வழித் துப்பாக்கியோடும் அமெரிக்கர்கள் பின்வழித் துப்பாக்கியோடும் 1000 கஜம் வரை மோதினார்கள். 934-க்கு 931 என்று அயர்லாந்து தோற்றது. அவர்களில் ஒருவர் நடுப்புள்ளியைத் துல்லியமாக அடித்தார், ஆனால் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியை. அதற்கு மதிப்பெண் பூஜ்யம். கிடைத்திருந்தால் நான்கு. துப்பாக்கியும் குண்டும் காகிதமும் தம் வேலையைச் செய்துவிட்டன.

கடைசியாகச் சில நடைமுறை விஷயம். பெல்லட் ஈயம், வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, நீ பழகாதே. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திற. நம் பக்கத்து மழைக்கால ஈரத்தில் திறந்த டப்பாவில் வெள்ளைத் தூள் படியும். மூடியை டேப் ஒட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் வை, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. சோதனைத் தாளைத் தூக்கி எறியாதே. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, லாட் எண், தலை அளவு, சிலிண்டர் அழுத்தம், அன்றைய வெயிலா மழையா என்று எழுதி ஒரே ஃபைலில் போடு. நன்றாக வந்ததையும் மோசமாக வந்ததையும் சேர்த்தே போடு. நான்கில் மூன்றாவது டப்பாவைத் திறக்கும் அன்றே அடுத்த லாட்டைத் தேடத் தொடங்கு. மாநிலப் போட்டிக்கு முந்தின வாரம் கடையில் ஸ்டாக் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை வா. அந்த ஃபைலையும் மூன்று லாட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வா. அளப்பதை நான் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்