உரையாடலை அளக்கும் கணிப்பொறி

மாணவர் சிலர் கூடிப் பாடத்தைப் பேசும்போது, அதில் கல்வி எவ்வளவு, அரட்டை எவ்வளவு என்று கணிப்பொறியால் கூற இயலுமா? கணிதம் இரண்டாம் ஆண்டு பயிலும் எனக்கு இவ்வினா வீணானதன்று. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தோவாளைச் சந்தையில் பூ மூட்டை சுமப்பவர். ஐயம் வந்தால் கேட்பதற்கு எனக்கு எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழு ஒன்றே உண்டு.

கனடா நாட்டு அறிஞர்களான காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் 2000-ஆம் ஆண்டையொட்டி இத்தகைய பேச்சை நான்கு படிகளாகப் பிரித்தனர்: வினா எழுதல், ஆராய்தல், ஒருங்கிணைத்தல், தீர்வு காணல். தொடக்கத்தில் மனிதரே செய்திகளைப் படித்து வகைப்படுத்தினர். இருவர் படித்தால் இருவிதம் ஆகுமல்லவா? அதை அளக்க உதவுவது கோஹன் 1960-இல் வகுத்த ‘கப்பா’. நானும் என் நண்பனும் எங்கள் குழுவின் 50 செய்திகளைத் தனித்தனியே பிரித்தோம். ஆளுக்கு ‘பாடம்’ 25, ‘பிற’ 25. நாற்பதில் ஒத்துப்போனோம், அதாவது 0.8. கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தாலும் 0.5 ஒத்திருக்கும். எனவே கப்பா (0.8 − 0.5) ÷ (1 − 0.5) = 0.6.

2016-இல் கோவனோவிச் குழுவினர், மனிதர் முன்பே வகைப்படுத்திய 1747 ஆங்கிலச் செய்திகளைக் கொண்டு கணிப்பொறியைப் பழக்கிச் சோதித்து 0.63 பெற்றனர். (அவர்களுக்கு ஐந்து வகை, எங்களுக்கு இரண்டே; ஒப்பிட்டுப் பெருமை கொள்வது முறையன்று.) பொறிக்குப் பொருள் தெரியாது. சொற்களின் எண்ணிக்கை, கேள்விக்குறி, சொற்களின் இனம் போன்றவற்றையே அது எண்ணுகிறது. நீண்ட செய்தி பெரும்பாலும் உயர்ந்த படியில் சேர்கிறது.

இங்குதான் எனக்கு அச்சம் பிறந்தது. எங்கள் குழுவில் அதிகம் பேசாத தோழி ஒருத்தி ஒருநாள் எழுதினாள்: “மக்கா, ரெண்டாவது வரி எப்பிடி வந்துன்னு வெளங்கல்ல கேட்டியா.” எழுத்து ஆங்கிலம், மொழி நாஞ்சில் தமிழ், கேள்விக்குறியும் இல்லை. ஆனால் அதன் பிறகே அந்தத் தொகையீட்டுக் கணக்கில் நாங்கள் அனைவரும் குறியைத் தவறாகப் போட்டிருந்தது தெரிந்தது. ஆங்கிலத்தில் பழகிய பொறி இதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? பொறியை விடுங்கள், என் நண்பனே இதனைப் ‘பிற’ என்றுதான் குறித்திருந்தான். நாங்கள் முரண்பட்ட பத்தில் இதுவும் ஒன்று.

ஆங்கிலம் கலந்த தமிழுக்கென 2020-இல் 15,744 யூடியூப் கருத்துகளின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அவை திரைப்பட முன்னோட்டங்களுக்கு வந்தவை, பாடப் பேச்சன்று. ஆகவே எங்கள் குழுவின் செய்திகளையே, பெயர்களை நீக்கிவிட்டு, தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்டேன். அந்தத் தோழி சற்று யோசித்து, “பேரு வராதுன்னா எடுத்துக்கோ” என்றாள்.