நீரடியில் ஒரு சிற்றூர்

நுழையும்முன்

வேல்ஸ் நாட்டில், தன் மொழியோடு வாழ்ந்த சிற்றூர் ஒன்று 1965ஆம் ஆண்டில் ஏரிக்குள் மறைந்தது. அவ்வூரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

பிரித்தானியத் தீவின் மேற்கே, மலையும் மழையும் மிகுந்த நாடு வேல்ஸ். அங்கு வழங்கும் வெல்ஷ் மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் நெருங்கிய உறவில்லை. அது கெல்டிக் மொழிகளுள் ஒன்று. சென்ற நூற்றாண்டின் நடுவில் வேல்ஸின் பெருநகரங்களில் ஆங்கிலம் ஓங்கியிருந்தது. எனினும், வடமேற்கு மலைச்சிற்றூர்களில் வீடு, வயல், வழிபாடு, விளையாட்டு ஆகிய அனைத்திலும் வெல்ஷ் மொழியே ஒலித்தது. பாலா என்னும் ஊருக்கு அருகே, ட்ருவெரின் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்த கப்பெல் கெலின் அத்தகைய ஊர்களுள் ஒன்று. 'கப்பெல்' என்பது சிறு தேவாலயத்தையும், 'கெலின்' என்பது முள்விளிம்பு இலைகளையுடைய ஹோலி மரத்தையும் குறிக்கும்.

ஊர் மிகச் சிறியது. ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், ஒரு தேவாலயம், சில வீடுகள், சுற்றிலும் ஆடு மேயும் பண்ணைகள், அவ்வளவே. மக்கள் எழுபதின்மருக்கும் குறைவு. ஆயினும், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் சிறுவரோடு பெரியோரும் அமர்ந்து தாய்மொழியில் படிப்பது வேல்ஸ் ஊர்களின் வழக்கம். கவிதைக்கும் இசைக்கும் அங்குப் போட்டிகள் நடைபெறும். ஆடு மேய்ப்பவர் மரபுக்கவிதை இயற்றுவது அந்நாட்டில் வியப்புக்குரிய செய்தியன்று.

1955ஆம் ஆண்டின் இறுதியில் இடியென ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூல், தன் தண்ணீர்த் தேவைக்காக அப்பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டிருந்தது. ஊரார் இதனை அறிந்தது செய்தித்தாள் வழியாக! அவர்களிடம் எவரும் முன்னரே கருத்துக் கேட்கவில்லை. 1956 நவம்பரில் ஊரார் சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு லிவர்பூல் சென்றனர். பதாகைகளை ஏந்தி அந்நகரத் தெருக்களில் நடந்தனர். பயன் விளையவில்லை. 1957இல் இலண்டன் நாடாளுமன்றம் அணைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. வேல்ஸிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 36 உறுப்பினர்களுள் ஒருவர்கூட அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. பெரும்பான்மை வேறிடத்தில் இருந்ததால் சட்டம் எளிதில் வென்றது.

நகர மக்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், அந்நீருக்கு விலையாக ஓர் ஊரையே கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

1963இல் பள்ளி மூடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. பின்னர்க் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடுகாட்டிலிருந்து சிலரின் உடல்கள் மட்டும் வேறிடத்திற்கு மாற்றப்பட்டன. எஞ்சியவை கான்கிரீட்டால் மூடப்பட்டு அங்கேயே கிடக்கின்றன. வீடிழந்தோர் 48 பேர். 1965 அக்டோபர் 21ஆம் நாள் அணையின் திறப்பு விழா நடந்தது. கூடியிருந்தோரின் எதிர்ப்பு முழக்கத்தால் விழா சில நிமிடங்களிலேயே முடிந்தது. ஏறத்தாழ 800 ஏக்கர் நிலம் 'லின் கெலின்' என்னும் ஏரியாயிற்று.

இதற்கிடையில், 1960களின் தொடக்கத்தில், வேல்ஸின் மேற்குக் கரையோரச் சாலையருகே இருந்த ஓர் இடிந்த சுவரில் 'ட்ருவெரினை நினைவில் கொள்ளுங்கள்' என்னும் பொருளுடைய இரண்டு வெல்ஷ் சொற்கள் தோன்றின. எழுதியவர் மைக் ஸ்டீபன்ஸ் என்னும் இளைஞர். அவர் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்து, வளர்ந்த பின்னரே வெல்ஷ் கற்றவர். அத்தொடரில் ஓர் இலக்கணப் பிழை நேர்ந்தது. முன்னுள்ள சொல்லுக்கேற்ப அடுத்த சொல்லின் முதலெழுத்து மாறுவது வெல்ஷ் மொழியின் இயல்பு. அதன்படி அவ்விடத்தில் 'ட்ருவெரின்' என்பது 'ட்ருவெரின்' என மென்மையாக, அதாவது 'குடம்' என்பதிலுள்ள டகர ஒலியோடு, தொடங்க வேண்டும். தமிழெழுத்தில் இவ்வேறுபாடு தெரியாது. வெல்ஷில் எழுத்தே வேறு. இளைஞர் அதனை மாற்றாமல் எழுதிவிட்டார். பின்வந்தோர் பிழையைத் திருத்திச் சுவருக்கு மீண்டும் மீண்டும் வண்ணம் பூசினர். 2019இல் சிலர் அச்சுவரின் ஒரு பகுதியை இடித்தனர். ஊர்மக்கள் விரைந்து அதனை மீண்டும் கட்டினர். நாடெங்கும் வேறு சுவர்களிலும் அதே சொற்கள் எழுந்தன.

மொழிக்கான இயக்கமும் வலுப்பெற்றது. 1967இல் முதல் வெல்ஷ் மொழிச் சட்டம் வந்தது. 1982இல் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி தொடங்கியது. 2011இன் சட்டம் அம்மொழியை வேல்ஸின் ஆட்சிமொழியாக உறுதிசெய்தது. லிவர்பூல் நகர மன்றம் 2005இல் மன்னிப்புக் கோரியது. திறப்பு விழா நடந்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

கடும் வறட்சி நேரும் கோடையில் ஏரியின் நீர் வற்றும். அப்போது சேற்றினிடையே பழைய சுவர்களின் அடித்தளக் கற்கள் வெளிப்படும். அவற்றைக் காண மக்கள் கரையில் கூடுவர். மழை பெய்ததும் நீர் மீண்டும் அவற்றை மூடிக்கொள்ளும்.

சொற்பொருள்

பதாகை – எழுதப்பட்ட துணி அல்லது அட்டை
ஓங்குதல் – மிகுதல், உயர்தல்
மறத்தலாகாது – மறக்கக் கூடாது

பயிற்சி

1. 'கப்பெல் கெலின்' என்னும் பெயரின் பொருள் யாது?
2. ஊரார் லிவர்பூலுக்குச் சென்றது ஏன்?
3. சுவரில் நேர்ந்த பிழையை உம் சொற்களில் விளக்குக.
4. லிவர்பூல் மக்களுள் ஒருவராகவும், கப்பெல் கெலின் ஊராருள் ஒருவராகவும் உம்மை எண்ணிக்கொண்டு உரையாடல் எழுதுக.
5. உம் பெற்றோரின் சொந்த ஊர்ப்பெயருக்கு என்ன பொருள்? வீட்டில் வினவி எழுதுக.