மாரடைப்பு வரும் முன்பே இதயத்தை அறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் அப்பாவின் டிரெட்மில் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றுதான் இருந்தது. ஏழு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமவாட்டர் கொடுத்தோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால், நார்மல் என்ற இதயம் எப்படி அடைத்தது என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

விடை இதுதான். ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் போதாமல் போகிறதா என்பதையே டிரெட்மில் பார்க்கிறது. குழாய் பெருமளவு சுருங்கினால்தான் அதில் தெரியும். மாரடைப்புகள் பலவற்றில், பாதிகூட அடைக்காத கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்துவிடுகிறது. அதனால்தான் ஆய்வாளர்களின் கவனம் அந்தத் திட்டின் மேலேயே திரும்பியது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் இந்த வரிசையில் போகலாம்.

முதல் படி: அடிப்படை எண்கள்

ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, எல்டிஎல் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். புகையிலைப் பழக்கத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால் அது முக்கியமான தகவல்.

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, முதல் மாரடைப்பின் அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களே விளக்கிவிடுகின்றன என்றது. அதே ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது; மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 வயதில். ஆறு ஆண்டுகள் முந்திக்கொள்கிறது. ‘ஐம்பது தாண்டட்டும், பார்க்கலாம்’ என்று நம்மவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

வீட்டில் பி.பி. பார்க்கும்போது பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாதீர்கள். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். வீட்டு அளவு தொடர்ந்து 135/85-க்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: வாழ்நாளில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை

லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவைப் பார்ப்பது. இது நார்வே விஞ்ஞானி கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்தது. பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கும் அளவு என்பதால் நடையாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் பெரிதாக மாறாது. ஐந்தில் ஒருவருக்கு இது அதிகம். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அபாயம் கூடுகிறது. இதைக் குறைக்கும் ஊசி மருந்துகள் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டுவருகின்றன. ‘மருந்தில்லாததை ஏன் பார்க்க வேண்டும்?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இது கூடியிருந்தால் எல்டிஎல்லை இன்னும் கீழே இறக்க வேண்டும், கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாம் படி: கால்சியம் ஸ்கோர்

முதல் இரண்டு படிகளுக்குப் பிறகும் ‘கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாமா, வேண்டாமா’ என்ற இழுபறி இருந்தால், பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, இந்த ஸ்கேன் உதவும். ஊசி இல்லை, சாய மருந்து இல்லை. நெஞ்சில் மூன்று ஒயர்களை ஒட்டுவார்கள். சி.டி. மேசை உள்ளே நகரும். ‘மூச்சை இழுத்து அடக்குங்க’ என்று குரல் வரும். சில நொடிகளில் முடிந்துவிடும்.

திட்டுகளில் படிந்த சுண்ணாம்பைப் படமெடுத்து எண்ணாக்கும் இந்த முறையை 1990-இல் ஆர்தர் அகட்ஸ்டனும் அவருடைய சகாக்களும் வகுத்தார்கள். 2000-இல் அமெரிக்காவில் 6,814 பேருடன் தொடங்கிய ‘மெசா’ ஆய்வு அதன் மதிப்பை நிலைநாட்டியது. பூஜ்யம் என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கான அபாயம் மிகக் குறைவு. 100-ஐத் தாண்டினால் ஸ்டாட்டின் மாத்திரைக்கு வலுவான காரணம் இருக்கிறது.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மென்மையான திட்டில் சுண்ணாம்பு இருக்காது. ஆகவே சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் பூஜ்யத்தை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். ஸ்டாட்டின் சாப்பிடும்போது திட்டு இறுகுவதால் ஸ்கோர் ஏறலாம். பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலி இருப்பவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இது ஏற்ற சோதனை அல்ல.

நான்காம் படி: வலி இருந்தால் சி.டி. ஆஞ்சியோ

அவ்வப்போது நெஞ்சு வலி வந்து போகிறவர்களுக்கானது இது. சாய மருந்து ஏற்றுவார்கள் என்பதால் சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ‘ஸ்காட்-ஹார்ட்’ ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018-இல் வந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 3.9 சதவீதம் பேருக்கு மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தது. இந்த ஸ்கேனும் சேர்ந்தபோது அது 2.3 சதவீதம். என்னை நெகிழவைத்தது இதன் காரணம்தான். ஐந்தாண்டுக் கணக்கில் ஸ்டென்ட்டும் பைபாஸும் கூடவில்லை. திட்டைக் கண்ணால் பார்த்ததும் டாக்டர்கள் தடுப்பு மாத்திரைகளைக் கூடுதலாக எழுதினார்கள்.

ஐந்தாம் படி: எண்ணைச் செயலாக்குவது

புகையிலையை விடுவதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை. வாரம் 150 நிமிடம் வேக நடை, உப்பைக் குறைப்பது, டாக்டர் எழுதிய பி.பி., கொழுப்பு மாத்திரைகளை விடாமல் சாப்பிடுவது எல்லாம் தெரிந்தவைதான். ஆஸ்பிரின் விஷயத்தில் மட்டும் கவனம். மாரடைப்பே வராதவர்கள் தாமாக அதைத் தினமும் சாப்பிட்டால், பலன் சொற்பம், ரத்தக் கசிவு ஆபத்து அதிகம் என்று 2018-இல் வந்த ஆய்வுகள் காட்டின.

எல்லாம் செய்த பிறகும் ஒருநாள் நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலி வந்தால், வாயுவா என்று வீட்டில் விவாதிக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரி சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.