ஒரே எண், இரண்டு நிறம்: தூரிகையைச் சோதிப்போம்

மாணவர்களே, அறிவியல் விழாவுக்காக இரண்டு மாணவிகள் ஒரு பதாகை வரைந்தார்கள். வானத்தின் இடப்பாதி ஒருவருக்கு, வலப்பாதி மற்றவருக்கு. இருவரும் ‘கிரித்தா’ என்ற இலவச ஓவிய மென்பொருளையே பயன்படுத்தினார்கள். நிறம் ஒன்றே, ஒளிபுகாமையும் இருவருக்கும் 10%. ஆனால், பாதிகளை இணைத்தபோது ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளுத்தும் இருந்தன. நடுவில் கோடு கிழித்தது போன்ற பிளவு!

“என் மடிக்கணினியின் திரை மங்கல்” என்றார் ஒருவர். “என் தூரிகை பெரியது, அதனால்தான்” என்றார் மற்றவர். இரண்டும் கருதுகோள்கள்தான். சோதித்துப் பார்த்துவிடலாம்.

கோடு அல்ல, முத்திரைகள்

திரையில் நாம் இழுக்கும் கோடு உண்மையில் தொடர்ச்சியானது அன்று. தூரிகை முனையின் வடிவத்தை மென்பொருள் குறிப்பிட்ட இடைவெளியில் முத்திரை போலக் குத்திக்கொண்டே போகிறது. இந்த இடைவெளி முனையின் விட்டத்தில் இத்தனை விழுக்காடு என்று அமைக்கப்படும்.

விட்டம் 40 படப்புள்ளி, இடைவெளி 10% எனக் கொள்வோம். 4 படப்புள்ளிக்கு ஒரு முத்திரை விழும். எனவே கோட்டின் நடுவிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் மீதும் 40 ÷ 4 = 10 முத்திரைகள் படும்.

ஒவ்வொன்றும் 10% என்றால் பத்தும் சேர்ந்து 100% ஆகுமா? ஆகாது. முதல் முத்திரைக்குப் பிறகு தாளின் வெண்மையில் 90% மிஞ்சும். இரண்டாவது, அந்த மிச்சத்தில்தான் 10% மறைக்கும், மிஞ்சுவது 81%. பத்து முறைக்குப் பின் மிஞ்சுவது 0.9¹⁰, அதாவது ஏறக்குறைய 35%. ஆக, மறைந்தது 65%. ஒளி ஊடுருவும் படங்களை ஒன்றன்மேல் ஒன்று சேர்க்கும் இந்தக் கணக்கைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் 1984-இல் ஒரு கட்டுரையில் முறைப்படுத்தினார்கள்.

சோதனை

வெள்ளைத் தாள், கறுப்பு நிறம், விளிம்பு மங்காத வட்ட முனை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். முத்திரைகள் மேன்மேலும் சேரும் ‘பில்டப்’ முறையை அமையுங்கள். ஒளிபுகாமை 10%. பேனாவின் அழுத்த உணர்வை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் உங்கள் கையே கட்டுப்படுத்தப்படாத மாறியாகிவிடும். கோட்டின் நடுவிலுள்ள நிறத்தை நிறமெடுப்பானால் அளந்து குறியுங்கள். வெள்ளை 255, கறுப்பு 0. கண்ணால் ஒப்பிடாமல் எண்ணாக அளப்பதால், திரை மங்கலா என்ற கேள்விக்கே இடமில்லை.

• விட்டம் 40, இடைவெளி 10%: 10 முத்திரைகள், அளவு சுமார் 89
• விட்டம் 80, இடைவெளி 10%: 10 முத்திரைகள், அளவு சுமார் 89
• விட்டம் 40, இடைவெளி 25%: 4 முத்திரைகள், அளவு சுமார் 167

விட்டம் இரட்டிப்பானாலும் இடைவெளியும் கூடவே வளர்வதால் நிறம் மாறவில்லை. இரண்டாவது கருதுகோளும் விழுந்தது. மூன்றாம் வரியில் தற்சார்பு மாறி இடைவெளி மட்டுமே. மறைப்பு 65%-இலிருந்து 34%-க்கு இறங்கிவிட்டது. மாணவிகளின் அமைப்புகளைத் திறந்து பார்த்தோம். ஒருவருக்கு 10%, மற்றவருக்கு 25%. பிளவின் காரணம் அதுதான். உங்கள் அளவு ஓரிரு எண் தள்ளியிருந்தால் கவலை வேண்டாம். ஒவ்வொரு முத்திரைக்குப் பின்னும் மென்பொருள் முழு எண்ணாக்குவதே காரணம்.

தூரிகைக்குள் இன்னொரு தூரிகை

மேகத்துக்குச் சொரசொரப்பு வேண்டுமென்றால் ஒரு தூரிகையின் மேல் இன்னொன்றைச் சல்லடையாக அடுக்கலாம். போட்டோஷாப்பில் இதற்கு இரட்டைத் தூரிகை என்று பெயர். கிரித்தாவிலும் இவ்வசதி உண்டு. பெருக்கல் முறையில் இரண்டின் ஒளிபுகாமையும் பெருக்கப்படும். முதன்மைத் தூரிகை 80%, சல்லடை 50% என்றால் அப்புள்ளியில் 0.8 × 0.5 = 40%. சல்லடை 0 என்றால் வண்ணமே விழாது.

இங்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் சல்லடையை நிறுத்திவிட்டு ஒரு கோடு போடுங்கள். பிறகு, வேறெதையும் தொடாமல் சல்லடையைச் சேர்த்து இன்னொரு கோடு. அதன்பின் சல்லடையின் இடைவெளியை மட்டும் மாற்றி மூன்றாவது கோடு. இடைவெளி மிகக் குறைந்தால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சொரசொரப்பு மழுங்கி, வெறும் கீற்றுகளாகத் தெரியும். ஐந்து அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றினால், நல்ல தூரிகை கிடைத்தாலும் ஏன் கிடைத்தது என்று தெரியாது. கெட்டுப்போனால் சரிசெய்யவும் முடியாது.

அந்த மாணவிகள் இடைவெளியைச் சமமாக்கி வலப்பாதியை மீண்டும் வரைந்தார்கள். இப்போது தூரிகையின் பெயரோடு விட்டம், இடைவெளி, ஒளிபுகாமை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்கள்.

முயன்று பாருங்கள்: விட்டம் 40, இடைவெளி 50%, ஒளிபுகாமை 10% என்றால் கோட்டின் நடுவில் எத்தனை விழுக்காடு மறையும்? முதலில் கணக்கிட்டு எழுதுங்கள். பிறகு கோடு இழுத்து அளந்து பாருங்கள்.