ஸ்கேன் அறிக்கையும் செயற்கை நுண்ணறிவும்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

முன்னுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் கூறுகிறார். இந்நான்கில் நோயாளியை அவர் முதலில் வைத்திருப்பது நம் சிந்தனைக்கு உரியது. ஆனால் இன்று நம் கைக்கு வரும் ஸ்கேன் அறிக்கை பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் புரிவதில்லை. அவர்தாம் அந்த நோயாளி! இக்குறையைப் போக்கச் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் அதை நிறுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உடலுக்குள் பார்த்த கதை

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியராக இருந்த ராண்ட்ஜன், 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அவருக்கே வழங்கப்பட்டது.

எக்ஸ் கதிர்ப் படத்தில் உறுப்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பது போல் உடலைக் குறுக்காகப் பார்க்க வழி செய்தவர் இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. இதற்காக அவரும் கார்மாக் என்பவரும் 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ் கதிர்களே கிடையா. வலிமை மிக்க காந்தமும் வானொலி அலைகளுமே அங்கே படம் வரைகின்றன. அதற்கு வழிகோலிய லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவரும் 2003-ல் நோபல் பரிசு பெற்றனர்.

அறிக்கை யாருக்காக?

ஸ்கேன் எடுத்தவுடன் கதிரியல் மருத்துவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அது ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதும் கடிதம் என்றே சொல்லலாம். ஆகவே அதன் மொழியும் மருத்துவர்களின் மொழியாகவே இருக்கிறது. ‘நெகட்டிவ்’ என்றால் கெட்ட செய்தி என்று நாம் அஞ்சுகிறோம். தேடிய நோய் தென்படவில்லை என்பதே அதன் பொருள். ‘அன்ரிமார்க்கபிள்’ என்றால் இயல்பாக உள்ளது என்று பொருள். ‘லீஷன்’ என்றதும் புற்றுநோய் என்று சிலர் நினைக்கின்றனர். இயல்புக்கு மாறான ஓர் இடம் என்பதற்கு மேல் அச்சொல் எதையும் கூறுவதில்லை.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது

என் பாட்டிக்கு வயது 72. பல மாதங்களாக இடுப்புவலியால் துன்புற்றார். மருத்துவர் கூறியபடி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். சனிக்கிழமை மாலை அறிக்கை கைக்கு வந்தது. மருத்துவரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். என் அண்ணன் அறிக்கையை உரக்கப் படித்தான். ‘டிஜெனரேட்டிவ்’, ‘டிஸ்க் பல்ஜ்’ என்னும் சொற்கள் காதில் விழுந்ததும் பாட்டி, “முதுகெலும்பு அழுகிப் போச்சாப்பா?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அன்றிரவு அவர் உணவைத் தொடவில்லை. செபமாலையைக் கையில் பற்றிக்கொண்டு, தம் வளையல்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று என் அம்மாவிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான், பாட்டியின் பெயரையும் மருத்துவமனை எண்ணையும் விட்டுவிட்டு, அறிக்கையின் வாசகங்களை மட்டும் அப்பாவின் கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதினேன். எழுபது வயதுப் பாட்டிக்குப் புரியும்படி எளிய தமிழில் விளக்குமாறு கேட்டேன். எலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருக்கும் வட்டுகள் வயதினால் தேய்ந்துள்ளன, ஒரு வட்டு சற்றே வெளியே பிதுங்கியுள்ளது, வலியே இல்லாதவர்களிடமும் இவை காணப்படும் என்று அது விளக்கியது. பாட்டி மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அப்போ இது நரைமுடி மாதிரிதானா?” என்று கேட்டுவிட்டுக் கஞ்சி குடித்தார்.

கருவி கூறியது மெய்தானா என்று பின்னர் எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரின் துணையுடன் தேடிப் பார்த்தேன். 33 ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் வெளியான கட்டுரை ஒன்று கிடைத்தது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரைப் பற்றியது அது. அதன்படி வட்டுத் தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் காணப்படுகிறது. பாட்டி சொன்ன நரைமுடி உவமை எவ்வளவு பொருத்தம்!

கருவியின் எல்லை

இத்துடன் அண்ணன் நிற்கவில்லை. ஸ்கேன் ஃபிலிமைக் கைப்பேசியில் படம் பிடித்து, என்ன நோய் என்று கேட்டான். உடனே விடை வந்தது. அதே படத்தைக் காட்டி மறுபடியும் கேட்டான். வேறொரு விடை வந்தது! இரண்டு விடைகளும் தயக்கமின்றி, அழகிய நடையில் இருந்தன.

இதற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற கருவிகள், ஏராளமான எழுத்துகளைக் கற்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியம் அமைப்பவை. ஆகையால் தவறான செய்தியையும் சரியான செய்தியைப் போலவே சரளமாகக் கூறிவிடும். எக்ஸ் கதிர்ப் படத்தைப் படிப்பதற்கென்றே பழக்கப்பட்ட மென்பொருள்கள் வேறு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்புப் படத்தில் காசநோயின் அறிகுறிகளைத் தேட அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. அதிலும் நோயை உறுதி செய்யச் சளிப் பரிசோதனை தேவைப்படுகிறது.

திங்கட்கிழமை மருத்துவர் பாட்டியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பார்த்தார். பாதம் மரத்துப் போகிறதா, சிறுநீர் கழிப்பதில் தொல்லை உண்டா என்று வினவினார். அதன் பிறகே படத்தைக் கையில் எடுத்தார். கருவி காகிதத்தைத்தான் அறியும், பாட்டியின் காலை அறியாது என்பதை அன்று உணர்ந்தேன்.

நாம் செய்ய வேண்டுவன

அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, பரிசோதனை முடிவுகள் நோயாளிக்குத் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். அதனால் அங்கும் பலர் மருத்துவருக்கு முன்பே அறிக்கையைப் படித்துவிடுகின்றனர். எங்கும் இனி இந்நிலை பெருகும். எனவே சிலவற்றை நினைவில் கொள்வோம்.

1. பெயர், முகவரி, மருத்துவமனை எண் ஆகியவற்றைக் கருவியிடம் தரக்கூடாது. நோயாளியின் இசைவும் வேண்டும்.

2. சொல்லின் பொருளைக் கேட்கலாம். என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டு அதன்படி நடக்கக்கூடாது.

3. மருத்துவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று அதனிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பாட்டிக்காக நாங்கள் மூன்று வினாக்களைக் குறித்துச் சென்றோம். மூன்றுக்கும் மருத்துவர் பொறுமையுடன் விடையளித்தார்.

4. கால் வலுவிழத்தல், சிறுநீர் அடைபடுதல், மூச்சுத்திணறல் போன்றவை தோன்றினால் கைப்பேசியை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

முடிவுரை

பாட்டியின் வலி தீர்ந்துவிடவில்லை. மருத்துவர் கற்றுக்கொடுத்த பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்து வருகிறார். ஆனால் அச்சம் தீர்ந்தது. வளையல்களைப் பற்றி இப்போது அவர் பேசுவதில்லை. நோயைத் தீர்ப்பது மருத்துவர் பணி. நோயாளியின் அச்சத்தை, மருத்துவரைக் காணும் வரையில், சற்றே தணிப்பதற்கு இக்கருவி துணை செய்யும். தோழியரே, நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் புரியாத காகிதம் ஒன்று இருக்குமானால், அவர்கள் அருகில் அமர்ந்து அதைப் படித்துச் சொல்வோம். படித்த பெண்கள் வீட்டிற்குச் செய்யக்கூடிய முதல் தொண்டு அதுவே ஆகும்.