கந்தோரில் கைத்தொலைபேசி



நம் பிள்ளைகள் பலர் இன்று வைத்தியசாலையிலும் வங்கியிலும் கச்சேரியிலும் கடமை பார்க்கின்றனர். அவர்கள் கையில் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் உண்டு. வேலைக்கு அவை உதவுவதும் உண்மையே. ஆனால் கந்தோரில் கண்டதையெல்லாம் பிறருக்கு அனுப்பலாமா?

2019 ஏப்ரல் 21ஐ நினைத்துப் பாருங்கள். சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, காயப்பட்டோர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அத்தகைய நாளில் ஊழியர் ஒருவர் எடுத்த படம் வெளியே போனால், பெற்ற தாய் தன் பிள்ளையின் நிலையை அயலாரின் தொலைபேசியில் காண நேரும்.

2022 செப்டெம்பரில், அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிட்டால் ஒழுக்காற்று நடவடிக்கை வரும் எனப் பொது நிர்வாக அமைச்சு சுற்றுநிருபம் விட்டது. அது கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று கண்டனமும் எழுந்தது. வாதாடலாம், நம் கருத்து நம்முடையது. நோயாளியின் படமும் கடன் பெற்றவரின் கணக்கும் நம்முடையவை அல்ல.

1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், எட்டாம் கட்டளையை விளக்குகையில் தொழில் இரகசியத்தைக் காக்கும் கடமையையும் கூறுகிறது. ஆகவே இளையோரே, அனுப்புமுன் உங்களையே கேளுங்கள்: இதில் இருப்பவர் என் தாயானால் அனுப்புவேனா? பெற்றோரே, கந்தோர்ப் புதினங்களைப் பிள்ளைகளிடம் துருவிக் கேளாதீர்கள்.