அமுக்குவான் பேயும் ரெம் தூக்கமும்

இந்த இதழ்ல சர்க்யூட் கிடையாது, கோடிங் கிடையாது. தூக்கத்தைப் பத்தி ஒரு சின்னப் பாடம்.

விடியக்காலை நாலு மணி. திடீர்னு முழிப்பு வருது. கண் திறந்திருக்கு. ஃபேன் சுத்துறது தெரியுது, மூலையில சார்ஜர் லைட் தெரியுது. ஆனா கையை அசைக்க முடியல. கத்தணும்னு நினைக்கிறீங்க, தொண்டையில இருந்து சத்தமே வரல. நெஞ்சு மேல ஏதோ பாரம். கதவுப் பக்கம் யாரோ நிக்கிறாங்க, பாக்கத் தேவையே இல்ல, நிக்கிறாங்கன்னு நிச்சயமா தெரியுது. அஞ்சு செகண்டோ ரெண்டு நிமிஷமோ, அப்புறம் உடம்பு சட்டுனு விடுபடுது.

இது உங்களுக்கு நடந்திருக்கா? நடந்திருந்தாலும் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டீங்க. சொன்னா ஒண்ணு சிரிப்பாங்க, இல்லேன்னா பயமுறுத்துவாங்க.

எங்க வீட்ல ரெண்டுமே நடந்துச்சு. போன ஏப்ரல்ல, நீட் தேர்வுக்கு மூணு வாரம் இருக்கும்போது, சித்தி பொண்ணு ராத்திரி மூணரைக்கு அழுதுக்கிட்டே ஹாலுக்கு ஓடி வந்தா. கறுப்பா ஒருத்தன் நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்து கழுத்தை அமுக்கினான்னு சொன்னா. சித்தப்பா டார்ச் எடுத்துக்கிட்டு மொட்டை மாடி வரைக்கும் போய்ப் பார்த்தார். போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்துச்சு. அப்பத்தா மட்டும் அசரல. "அமுக்குவான் வந்திருக்கான். மல்லாக்கப் படுத்தா அப்படித்தான். ஒருக்களிச்சுப் படு தாயி"ன்னு சொல்லி, தன்னோட பாக்குவெட்டியை அவ தலகாணிக்கு அடியில வச்சாங்க. மறுநாள் பக்கத்து வீட்டுல இருந்து வந்தவங்கதான் காரியத்தைக் கெடுத்தாங்க. இது செய்வினை, பக்கத்து ஊர்ல ஒருத்தர் இருக்கார், தாயத்து கட்டுவார்னு ஆரம்பிச்சாங்க. அதைக் கேட்டதுல இருந்து புள்ள தூங்கவே பயந்தா. நாலு மணி வரைக்கும் லைட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பா, அஞ்சு மணிக்குத் தன்னால கண் சொக்கும். அடுத்த பத்து நாள்ல அது இன்னும் ரெண்டு தடவை வந்துச்சு.

ஏன் திரும்பி வந்துச்சுங்கிறதுதான் இந்தப் பாடத்தோட மையம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் தியரி.

1953-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல யூஜின் அசெரின்ஸ்கின்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், தன் பேராசிரியர் நத்தானியல் கிளைட்மனோட சேர்ந்து ஒரு விஷயத்தை வெளியிட்டார். தூங்குறவங்களோட கண், மூடின இமைக்குள்ள அப்பப்போ வேகமா அசையுது. அந்த நேரத்துல எழுப்பினா பெரும்பாலும் கனவு கண்டேன்னு சொல்றாங்க. இதுதான் ரெம் தூக்கம். (அசெரின்ஸ்கி எலெக்ட்ரோடு ஒட்டிச் சோதிச்சுப் பார்த்தது தன் சொந்தப் பையன் மேல. ப்ராஜெக்ட்டுக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் அப்பவே இருந்திருக்கு.) தூக்கம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றா ஓடுது. முதல் பாதி ராத்திரியில ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியற நேரத்துல ரெம் அதிகம்.

1959-ல பிரான்ஸ்ல லியோன் நகரத்துல மிஷேல் ஜூவே பூனைகளை வச்சு அடுத்த கட்டத்தைக் கண்டுபிடிச்சார். ரெம் நேரத்துல மூளை முழிச்சிருக்கிற மாதிரி ஓடுது, ஆனா உடம்புத் தசைகள் சுத்தமாத் தளர்ந்துடுது. மூளைத்தண்டுல ஒரு குறிப்பிட்ட சின்னப் பகுதியைச் சேதப்படுத்தினப்போ, பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து நின்னு, இல்லாத எலி மேல பாய்ஞ்சது. அதாவது, கனவுல நாம ஓடும்போது நிஜத்துல ஓடாம இருக்கிறதுக்கு மூளையே ஒரு தடுப்பு வச்சிருக்கு.

மெக்கானிக்கல் மக்களுக்கு இது ஈசி. என்ஜின் நல்ல ஆர்.பி.எம்.ல ஓடுது, ஆனா க்ளட்ச் மிதிச்சிருக்கு, அதனால சக்கரம் சுத்தாது. மூளைத்தண்டுல இருந்து வர்ற உத்தரவால, தண்டுவடத்துல இருக்கிற இயக்க நரம்பு செல்கள் மேல கிளைசின், காபா ரெண்டும் வேலை செஞ்சு அதுகளை அடக்கி வைக்குது. நாம முழிக்கும்போது க்ளட்ச்சும் கூடவே விடுபடணும். சில சமயம் முழிப்பு முதல்ல வந்துடும், க்ளட்ச் விடுபட லேட்டாகும். அந்த இடைவெளிதான் அமுக்குவான். ஆங்கில மருத்துவத்துல பேரு ஸ்லீப் பராலிசிஸ், தமிழ்ல தூக்க முடக்கம்னு சொல்லலாம்.

சரி, கை கால் வரலைங்கிறது புரியுது. நெஞ்சு மேல பாரம் எங்கிருந்து வருது? எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ரெம்ல உதரவிதானமும் கண் தசைகளும் மட்டும் அடக்கப்படாம வேலை செய்யும். அதனாலதான் மூச்சு நிக்கல, கண்ணையும் சுழட்ட முடியுது. ஆனா விலா எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற தசைகள் தளர்ந்து கிடக்கும். பயத்துல நீங்க பெருசா ஒரு மூச்சு இழுக்கப் பாக்குறீங்க, நெஞ்சு விரிய மாட்டேங்குது. முழிச்சிருக்கிற மூளை அதுக்கு ஒரு காரணம் தேடுது: யாரோ மேல உட்கார்ந்திருக்காங்க! கனவோட மிச்சம் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு, கூடவே ஆபத்தை மோப்பம் பிடிக்கிற பகுதியும் உச்சத்துல இருக்கு. அதனால அந்த "யாரோ"வுக்கு உருவமும் கிடைச்சுடுது.

உருவம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஜப்பான்ல இதுக்குக் கனஷிபாரின்னு பேரு, கட்டிப்போட்ட மாதிரின்னு அர்த்தம். கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல கிழவி வந்து உட்கார்றதா சொல்வாங்க. ஹென்றி ஃபியூசெலி 1781-ல வரைஞ்ச 'தி நைட்மேர்' ஓவியத்தைத் தேடிப் பாருங்க: மல்லாந்து படுத்த பொண்ணு, நெஞ்சு மேல குந்தியிருக்கிற ஒரு குட்டிப் பூதம். நைட்மேர்ங்கிற சொல்லுல இருக்கிற மேர் பெண் குதிரை இல்ல, தூங்குறவங்க மேல ஏறி அமுக்குற ஒரு பேயோட பழைய பேரு. ஆக இங்கிலீஷ்லயும் ஆதியில அமுக்குவான்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். கெட்ட கனவுங்கிறது ரெம்ல வர்றது. முழிச்சதும் கதை ஞாபகம் இருக்கும், உடம்பும் அசையும். சின்னப் பசங்க முதல் தூக்கத்துலயே எழுந்து அலறுவாங்களே, அது வேற. ஆழ்ந்த தூக்கத்துல வர்ற பீதி, காலையில கேட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அமுக்குவான் இந்த ரெண்டுலயும் சேராது.

இது யாருக்கு வருது? பிரையன் ஷார்ப்லெஸ், ஜாக் பார்பர் ரெண்டு பேரும் 2011-ல 35 ஆய்வுகளைத் தொகுத்தாங்க, மொத்தம் 36,000-க்கும் மேல ஆட்கள். வாழ்நாள்ல ஒரு தடவையாவது வந்தவங்க பொதுமக்கள்ல 7.6 சதவீதம். மாணவர்கள்ல 28.3. நம்ம 60 பேர் க்ளாஸ்ல அதே கணக்குப் போட்டா 17 பேர். மூணு பெஞ்ச் மொத்தமா!

மாணவர்களுக்கு ஏன் இவ்வளவுன்னு கேட்டா, நம்ம செமஸ்டர் டைம்டேபிளைப் பாருங்க. நைட் ஃபுல்லா முழிச்சுட்டு விடியக்காலையில படுக்கிறோம். தூக்கக் கடன் ஏறி, படுக்கிற நேரமும் தாறுமாறானா, மூளை ரெம்முக்குள்ள சீக்கிரமே நுழையும், நடுவுல முழிப்பும் தட்டும். ஜப்பான்ல 1992-ல தகேயுச்சி குழு, ஆட்களை ராத்திரி நடுவுல எழுப்பி மறுபடி தூங்க வச்சே லேப்ல தூக்க முடக்கத்தை வரவழைச்சாங்க. தங்கச்சி பயத்துல முழிச்சுக் கிடந்ததும் கிட்டத்தட்ட அதே சோதனைதான். பேய்க்குப் பயந்து முழிக்க முழிக்க, பேய் வர்றதுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறோம்.

அப்பத்தா சொன்ன ஒருக்களிச்சுப் படுக்கிறது சரியான வைத்தியம்தான். மல்லாந்து படுக்கும்போது இது அதிகமா வர்றது ஆய்வுகள்லயும் தெரிஞ்சிருக்கு. பாக்குவெட்டி பத்தி நான் வாதம் பண்ணல, அவளுக்கு அது தைரியம் கொடுத்துச்சுன்னா இருக்கட்டும். தாயத்து யோசனையைச் சித்தி நிறுத்திட்டாங்க. பதினொரு மணிக்குப் படுக்கை, காலையில ஒரே நேரத்துக்கு எழுப்பு, சாயங்காலத்துக்கு மேல டீ காபி கிடையாதுன்னு வீட்ல முடிவாச்சு. முதல் ரெண்டு ராத்திரி சித்தி பக்கத்துலயே படுத்தாங்க. அப்புறம் தேர்வு வரைக்கும் வரல. ஜூன்ல ஒரு தடவை வந்துச்சாம். "வந்துச்சுண்ணா, க்ளட்ச்னு நினைச்சுக்கிட்டேன், போயிடுச்சு"ன்னு போன்ல சொன்னா.

வரும்போது என்ன செய்யலாம்? மொத்த உடம்பையும் உலுக்கி எழுந்திருக்கப் போராடினா பயம்தான் ஏறும். பெரிய மூச்சு இழுக்க வேணாம், தானா வர்ற மூச்சை விடுங்க. கால் கட்டை விரலையோ ஒரு கைவிரலையோ மட்டும் அசைக்கப் பாருங்க, பல பேருக்கு அப்படித்தான் விடுபடுது.

ஆனா எல்லாத்துக்கும் க்ளட்ச் கதை சொல்லிட்டு விட்டுட முடியாது. பகல்ல க்ளாஸ்ல அடக்கவே முடியாத தூக்கம் வருது, வாய்விட்டுச் சிரிச்சா முழங்கால் தளர்ந்து போகுதுன்னா அது நார்கோலெப்ஸியா இருக்கலாம். பலமான குறட்டையும் நடுவுல மூச்சுத் திணறலும் இருந்தாலோ, கனவுல செய்யறதை நிஜமாவே கையை ஓங்கிச் செஞ்சாலோ, வாரா வாரம் இது வந்து தூங்கவே பயமா இருந்தாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க. நரம்பியல் டாக்டரோ மனநல டாக்டரோ, ரெண்டுல எதுக்கும் கூச்சப்பட ஒண்ணுமில்ல.

கடைசியா ஹாஸ்டல்காரங்களுக்கு. பக்கத்துக் கட்டில்ல மச்சான் கண்ணைத் திறந்தபடி அசையாம கிடந்து, மூச்சு மட்டும் வேகமா வந்து, தொண்டையில லேசா ஒரு முனகல் கேட்டா, வீடியோ எடுக்காதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தோளைத் தொடுங்க. பெரும்பாலும் அந்த ஒரு தொடுதல்லயே விடுபட்டுடுவான். அப்புறம் லைட்டைப் போட்டு, தண்ணி கொடுத்து, அஞ்சு நிமிஷம் உட்கார வையுங்க. உடனே படுத்தா விட்ட இடத்துல இருந்து மறுபடி தொடங்கலாம்.